புல்லட்டுக்கு முலாம்: எதை வீட்டில் பூசலாம், எதைப் பட்டறைக்குக் கொடுக்கலாம்

பழைய புல்லட் ஒன்றைக் கடைசி வாஷர் வரை கழற்றிப் போட்டால் இன்ஜினுக்கும் பெயின்ட்டுக்கும் வயரிங்குக்கும் ஆள் கிடைத்துவிடும். டப்பா நிறையத் துருவேறிய போல்ட், கிளிப், பிராக்கெட், லிவர் எல்லாம் மட்டும் மிச்சமாக நிற்கும். புதிதாக வாங்கிப் போடலாம்தான். ஆனால் அந்தக் காலத்து போல்ட்டின் தலை அளவும் மரையும் இன்றைய கடைச் சரக்கில் இருப்பதில்லை. புது போல்ட் போட்ட பழைய வண்டியை, தெரிந்தவர்கள் பத்தடி தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். பழையதற்கே மறுபடி முலாம் பூசிப் போடுவதுதான் அழகு.

அதை வீட்டில் செய்வதா, பட்டறைக்குக் கொடுப்பதா என்று மொத்தமாகக் கேட்டால் விடை கிடைக்காது. எந்த உலோகம் என்பதைப் பொறுத்து விடை மாறும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜிங்க்கை வீட்டில் தாராளமாகப் பூசலாம். நிக்கலை, வண்டி அதைக் கேட்டால் மட்டும், சரியான ஏற்பாட்டோடு செய்யலாம். குரோமை வீட்டில் தொடவே கூடாது. காரணங்களைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

முதல் வேலை, அந்தப் பாகத்தில் ஆலையிலிருந்து வந்தபோது என்ன இருந்தது என்று கண்டுபிடிப்பது. குரோம் முலாம் 1920களின் நடுவில்தான் தொழிற்சாலைகளுக்கு வந்தது. 1930 வாக்கில்தான் மோட்டார் சைக்கிள்களில் பரவியது. அதற்கு முந்தைய வண்டிகளில் பளபளத்ததெல்லாம் நிக்கல். 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, பிறகு திருவொற்றியூர் ஆலையில் தயாரான புல்லட் முழுக்கக் குரோம் காலத்து வண்டி. ஹேண்டில்பார், சைலன்சர், பெண்ட் பைப், ரிம், ஹெட்லைட் வளையம், கிக்கர் எல்லாம் குரோம். போல்ட், நட், ஸ்பேசர், சின்னச் சின்ன பிராக்கெட் எல்லாம் மங்கலான வெள்ளிச் சாம்பல் நிறம். பிரிட்டிஷ் வழி வந்த வண்டிகளில் இந்த மங்கல் நிறம் காட்மியமாகவோ ஜிங்க்காகவோ இருக்கும். வெளியே எல்லாம் துருப்பிடித்துப் போயிருந்தாலும் வாஷருக்கு அடியிலும் கிளாம்ப் பிடித்த இடத்திலும் பழைய முலாம் அப்படியே பிழைத்திருக்கும். சுத்தம் செய்வதற்கு முன்பே அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

காட்மியம் என்று சொன்னதால் ஒரு எச்சரிக்கை. அது நச்சு உலோகம். பழைய சாம்பல் நிற போல்ட்டைக் கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டி உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூள் நேராக நுரையீரலுக்குப் போகும். சூடு காட்டிக் கழற்றினால் வரும் புகை அதைவிட மோசம். முகமூடி போட்டு, ஈரமாக வைத்துக் கையால் தேய்ப்பதே நல்லது. மறுபடி காட்மியம் பூச நினைக்கவே வேண்டாம். அதன் வழக்கமான குளியலில், அதாவது முலாம் ஏற்றும் கரைசலில், சயனைடு இருக்கிறது. கண்ணுக்கு அதே தோற்றத்தை வெள்ளை ஜிங்க் கொடுத்துவிடும்.

ஜிங்க்: வீட்டுக்கு ஏற்றது

ஜிங்க் இரும்பைக் காப்பாற்றும் விதமே தனி. கீறல் விழுந்து இரும்பு வெளியே தெரிந்தாலும் பக்கத்திலுள்ள ஜிங்க் தான் முதலில் அரிபட்டு இரும்பைத் துருவிலிருந்து காக்கும். நிக்கலும் குரோமும் நேர் எதிர். அவை மூடியிருக்கும் வரைதான் காவல். ஊசித் துளி ஓட்டை இருந்தாலும் அதன் வழியே இரும்பு வேகமாகத் துருவேறும். வீட்டில் பூசும் முலாம் ஆலை அளவுக்குக் கச்சிதமாக இருக்காது. அங்கங்கே மெலிந்தும் நுண்துளையோடும்தான் வரும். குறையோடு இருந்தாலும் காக்கும் முலாம் ஜிங்க் என்பதால்தான் வீட்டு வேலைக்கு அதை முதலில் வைக்கிறேன்.

குளியல் இரண்டு வகை. எளியது, வினிகரில் எப்சம் உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் கரைத்து, ஜிங்க் தகட்டை நேர்முனையிலும் பாகத்தை எதிர்முனையிலும் மாட்டுவது. கடையில் எல்லாமே கிடைக்கும், பயமும் குறைவு. ஆனால் முலாம் மெல்லியதாக, சாம்பல் பூத்து வரும். பித்தளை பிரஷ்ஷால் தேய்த்தால் ஓரளவு மினுக்கம் கிடைக்கும். கற்றுக்கொள்ள இது போதும். பத்து போல்ட்டுக்கு மேல் வேலை இருந்தால் குளோரைடு குளியலுக்கு மாறிவிடுவது நல்லது: ஒரு லிட்டர் பேட்டரித் தண்ணீரில் (காய்ச்சி வடித்த நீர், பேட்டரி அமிலம் அல்ல) ஜிங்க் குளோரைடு 60 முதல் 70 கிராம், பொட்டாசியம் குளோரைடு 200 கிராம், போரிக் அமிலம் 25 முதல் 30 கிராம். பிஹெச் 5-க்கும் 5.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும். சூடாக்க வேண்டியதில்லை, நம் ஊர் அறை வெப்பமே போதும். பிளேட்டிங் கெமிக்கல் விற்கும் கடையில் இதற்கென்று பளபளப்பு திரவம் கேட்டு வாங்கிச் சேர்த்தால் பட்டறை மெருகுக்குப் பக்கத்தில் வரும்.

கரண்ட் கணக்கைக் குத்துமதிப்பாக விடக்கூடாது. பழைய பேட்டரி சார்ஜரை நேராக மாட்டிவிட்டு, முலாம் கருகிப் பொரிந்து வந்தால் ஜிங்க்கைக் குறை சொல்கிறார்கள். ஆம்பியரைக் கட்டுப்படுத்தக்கூடிய பவர் சப்ளை ஒன்று அவசியம் வேண்டும். பாகத்தின் பரப்பில் ஒவ்வொரு சதுர டெசிமீட்டருக்கும், அதாவது பத்து சென்டிமீட்டர் சதுரத்துக்கு, 1 முதல் 2 ஆம்பியர். 1 ஆம்பியர் வைத்தால் கணக்குப்படி மணிக்கு 17 மைக்ரான் (ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஏறும். ஆக அரை மணியில் 8 மைக்ரான். ஒன்றரை அங்குல நீளமுள்ள 5/16 போல்ட் பத்தைச் சேர்த்தால் மரையோடு கிட்டத்தட்ட ஒன்றேமுக்கால் சதுர டெசிமீட்டர் வரும். அதற்கு இரண்டு, இரண்டரை ஆம்பியர் போதும். தகட்டைப் பாகத்தின் இரண்டு பக்கமும் தொங்கவிட்டு, நடுநடுவே போல்ட்டைத் திருப்பிவிட வேண்டும். குழிவான இடத்துக்கு முலாம் போகத் தயங்கும், முனைகளில் தடித்துவிடும்.

மரையில் இன்னொரு கணக்கு இருக்கிறது. மரையின் சாய்வினால், ஏறிய தடிமனைப் போல நான்கு மடங்குக்கு மரையின் விட்டம் கூடும். 8 மைக்ரான் பூசினால் 32 மைக்ரான். அதுவே நட் இறுகுவதற்குப் போதும். கூடப் பூசினால் கூடுதல் பாதுகாப்பு என்று மணிக்கணக்கில் ஓடவிட்டால் அப்புறம் நட்டைத் திருகவே முடியாது. 5 முதல் 8 மைக்ரானோடு நிறுத்திவிட்டு மிச்சப் பாதுகாப்பைப் பாசிவேஷனிடம், அதாவது முலாத்தின் மேல் காப்புப் படலம் ஏற்றும் ரசாயன முக்கலிடம், விடுங்கள். அந்தக் கடைசி முக்கலை யாரும் விடக்கூடாது. வெறும் ஜிங்க், சென்னை மாதிரி கடலோரக் காற்றில் சில வாரங்களிலேயே வெள்ளையாகப் பூத்துவிடும். கடையில் மஞ்சள் பாசிவேஷன் கேட்டால் பழைய வகை, நச்சு மிகுந்த ஹெக்ஸாவாலன்ட் குரோமியம் கொடுப்பார்கள். நச்சு குறைந்த ட்ரைவாலன்ட் வகை நீலமா என்று கேட்டு வாங்குங்கள். புல்லட்டுக்கு நீலம் தட்டும் வெள்ளை நிறமே பொருத்தம். மஞ்சள், பழைய ஜப்பானிய வண்டிகளுக்கு உரியது.

முலாம் ஒட்டுவதும் உரிவதும் அதற்கு முன்னால் செய்யும் சுத்தத்தில் இருக்கிறது. கிரீஸைக் கரைப்பானில் போக்கி, சலவைச் சோடாவில் கொதிக்க வைத்து, துருவைப் போக்கி, கடைசியாக நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நொடி முக்கி, உடனே கழுவி, காய விடாமல் குளியலுக்கு அனுப்ப வேண்டும். சுத்தமாகிவிட்டதா என்று பார்க்கத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். பரப்பு முழுக்க ஒரே படலமாக நின்றால் சரி. எங்காவது முத்துமுத்தாக உருண்டால் அங்கே எண்ணெய் இருக்கிறது, முலாம் அங்கே ஒட்டாது. துருவைப் போக்கச் சலவைச் சோடாவில் மின்சாரம் பாய்ச்சும் முறை நல்லது. ஆனால் நேர்முனைக்குச் சாதா இரும்புதான் வைக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைத்தால் அதிலுள்ள குரோமியம் ஹெக்ஸாவாலன்ட்டாகத் தண்ணீரில் இறங்கும். சோடாவுக்குப் பதில் சமையல் உப்பைப் போட்டால் குளோரின் வாயு வரும். எல்லாவற்றையும் திறந்தவெளியில் செய்யுங்கள். ஹைட்ரஜன் எந்த முறையிலும் வெளியேறும், பக்கத்தில் தீ இருக்கக்கூடாது.

அந்த ஹைட்ரஜனால் இன்னொரு ஆபத்தும் உண்டு. அமிலத்தில் முக்கும்போதும் முலாம் ஏறும்போதும் ஹைட்ரஜனில் ஒரு பங்கு இரும்புக்குள்ளேயே புகுந்துவிடும். சாதா இரும்புக்கு ஒன்றுமில்லை. கடினமாக்கிய இரும்பு இதனால் நொறுங்கும் தன்மை பெறும். முறுக்கி வைத்த போல்ட், ஓடாமல் நிற்கும்போதே சில மணி நேரத்திலோ சில நாளிலோ பட்டென்று உடையும். வெளியே பார்த்தால் எந்த அடையாளமும் இருக்காது. 10.9 கிரேடும் (போல்ட்டின் வலிமையைக் குறிக்கும் எண்) அதற்கு மேலும் உள்ள போல்ட்களை முலாம் பூசிய சில மணி நேரத்துக்குள், பாசிவேஷனுக்கு முன்பே, 200 டிகிரி அளவில் குறைந்தது நான்கு மணி நேரம் சுட வேண்டும். பழைய போல்ட்டின் கிரேடு தெரியவில்லை என்றால்? கனெக்டிங் ராட் போல்ட், அச்சு, ஸ்டியரிங் தண்டு, பிரேக் சம்பந்தப்பட்ட எதுவும், ஸ்பிரிங், ஸ்போக்: இவற்றுக்கு வீட்டு முலாம் வேண்டாம். துரு மேலோட்டமாக மட்டும் இருந்தால் துடைத்துப் போடுங்கள், இல்லையென்றால் புதிதாக வாங்குங்கள். இந்த இடத்தில் அசல் தோற்றம் என்ற வாதத்தை நான் ஏற்கமாட்டேன்.

நிக்கல்: வண்டி கேட்டால் மட்டும்

நிக்கலின் வெண்மையில் லேசான மஞ்சள் சாயல் உண்டு. குரோமில் நீலச் சாயல். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் யாருக்கும் தெரியும். அதனால் 1960களின் புல்லட்டில் கிக்கருக்கு நிக்கல் பூசினால், பக்கத்திலிருக்கும் குரோம் சைலன்சர் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். 1930-க்கு முந்தைய வண்டியோ அந்தக் காலத்து சைக்கிளோ உங்களிடம் இருந்தால் விஷயமே வேறு. அங்கே குரோம்தான் தவறு. பட்டறைக்குக் கொடுத்தாலும் குரோம் வேண்டாம், நிக்கலோடு நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட வண்டிக்காக ஒருவர் வீட்டில் நிக்கல் கற்றுக்கொள்கிறார் என்றால் அது நியாயமான உழைப்பு.

நிக்கல் குளியலின் அடிப்படை, 1916-இல் ஆலிவர் வாட்ஸ் வெளியிட்டதுதான். லிட்டருக்கு நிக்கல் சல்பேட் 240 முதல் 300 கிராம், நிக்கல் குளோரைடு 40 முதல் 60 கிராம், போரிக் அமிலம் 30 முதல் 45 கிராம், பிஹெச் 4 பக்கம், வெப்பம் 50 முதல் 60 டிகிரி. ஒரு சதுர டெசிமீட்டருக்கு 2 ஆம்பியர் வைத்தால் ஒரு மணியில் ஏறத்தாழ 24 மைக்ரான் ஏறும். வெளியில் ஓடும் வண்டிக்கு அந்த அளவாவது வேண்டும். வினிகரில் நிக்கல் கம்பியைக் கரைத்துச் செய்யும் எளிய குளியலும் உண்டு. அது வண்டியின் வெளிப்பாகத்துக்குத் தாங்காது. ஹெட்லைட் சுவிட்சுக்குள் இருக்கும் பித்தளைத் துண்டு, கார்புரேட்டர் திருகு போன்ற மழை படாத சின்னப் பாகத்துக்குப் போதும். பித்தளையில் நிக்கல் அழகாக ஒட்டும், அதிலிருந்து தொடங்குவது நல்லது.

இரும்பில் குழி இருந்தால் செம்பு பூசித் தேய்த்துச் சமன் செய்து, அதன் மேல் நிக்கல் பூசுவது பட்டறை முறை. வீட்டில் மயில்துத்தக் கரைசலில் இரும்பை நேராக முக்கினால் செம்பு உடனே படிந்துவிடும், ஆனால் விரலால் தேய்த்தாலே வந்துவிடும். இரும்பின் மேல் செம்பு ஒட்டுவதற்குப் பட்டறைகள் சயனைடு குளியலைப் பயன்படுத்துகின்றன. அமிலம் பட்டால் உயிரைக் குடிக்கும் வாயு கிளம்பும் அந்தச் சரக்கு வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. வீட்டில் வேண்டுமானால் முதலில் மெல்லிய நிக்கல், பிறகு மயில்துத்தக் குளியலில் செம்பு, தேய்ப்பு, மறுபடி நிக்கல் என்று போகலாம். பொறுமை உள்ளவர்களுக்கு அது நல்ல வேலை.

உடம்புக்கு என்ன ஆகும் என்பதையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். நிக்கல் உப்புகள் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியானவை. தோலில் பட்டால் ஒவ்வாமை வரும். ஒருமுறை வந்துவிட்டால் கைக்கடிகாரப் பட்டை கூட அரிக்கத் தொடங்கும், வாழ்நாள் முழுக்கத் தொடரும். சூடான குளியலின் மேல் எழும் துளிகளைச் சுவாசிக்கக் கூடாது. கையுறை, கண்ணாடி, காற்றோட்டம், குழந்தைகள் வராத இடம். இவை நான்கும் இல்லாத வீட்டில் நிக்கல் வேண்டாம்.

குரோம்: பட்டறை மட்டுமே

குரோம் என்று நாம் பார்த்து மயங்கும் பளபளப்பில் பெரும்பங்கு அடியிலிருக்கும் நிக்கலுடையது. மேலே இருக்கும் குரோமின் தடிமன் அரை மைக்ரானுக்கும் குறைவு. அந்த மெல்லிய படலம் நிக்கல் மங்காமல் காக்கும், நீல வெண்மை கொடுக்கும். வழக்கமான குரோம் குளியல் குரோமிக் அமிலம், அதாவது ஹெக்ஸாவாலன்ட் குரோமியம். அதன் ஆவி நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம். பூசும்போது ஏராளமாக வாயு குமிழியிட்டு அந்த அமிலத்தைத் துளித்துளியாகக் காற்றில் ஏற்றும். ராணிப்பேட்டையில் 1995 வாக்கில் மூடிய ஒரு குரோமேட் ஆலை விட்டுப் போன ஒரு லட்சம் டன்னுக்கும் அதிகமான கழிவு, அந்தப் பகுதி நிலத்தடி நீரை எப்படிக் கெடுத்தது என்பது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதே பொருளை நம் கொல்லைக் கிணற்றுக்குப் பக்கத்தில் வாளியில் வைத்திருப்பது எந்தப் பழைய வண்டிக்காகவும் செய்யத் தகாதது. பழைய குரோமைக் காரத்தில் மின்சாரம் பாய்ச்சி உரிக்கும் முறையும் அதே நச்சைத்தான் கரைசலில் இறக்கும். உரிப்பதையும் பட்டறையிலேயே செய்யச் சொல்லுங்கள்.

பட்டறைக்குக் கொடுப்பதில் வேறு கஷ்டங்கள் உண்டு. குரோம் பட்டறையில் முலாத்தை விட பஃபிங்தான் பாகத்தைக் கெடுக்கும். வேகமாகச் சுழலும் சக்கரத்தில் அழுத்திப் பிடித்தால் கிக்கரில் பொறித்த எழுத்து மழுங்கும், கூரான விளிம்பு உருண்டுவிடும், ஓட்டை முட்டை வடிவமாகும். எந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது என்று பாகத்தின் மேலேயே குறித்து, நேரில் காட்டிக் கொடுக்க வேண்டும். முடிந்தால் கையால் உப்புக்காகிதம் தேய்த்து நீங்களே முக்கால்வாசி மெருகைக் கொண்டுவந்துவிட்டு, கடைசி பஃபை மட்டும் அவர்களிடம் விடுங்கள். இந்த நடுவழிதான் பலருக்கும் பொருந்தும் என்பது என் எண்ணம். உருவம் உங்கள் கையில் இருக்கும், ரசாயனம் அவர்கள் கையில் இருக்கும்.

கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்று உண்டு. குரோம் எவ்வளவு பளபளக்கும் என்று கேட்காதீர்கள். நிக்கல் எத்தனை மைக்ரான் பூசுவீர்கள் என்று கேளுங்கள். அறைக்குள் வைக்கும் கட்டில் காலுக்கான நிக்கல், மழையில் ஓடும் வண்டிக்கு ஒரு பருவம்கூடத் தாங்காது. பாகங்களை எண்ணி, படம் எடுத்து, பட்டியலில் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். சின்ன பாகங்கள் தொட்டியின் அடியில் விழுந்து காணாமல் போவது அடிக்கடி நடக்கும். அதனால்தான் போல்ட், வாஷர் வகையறாவை வீட்டு ஜிங்க்குக்கே வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். பழைய ஜாவா, யெஸ்டி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று: டேங்கின் குரோம் பக்கத்தை உரித்தால், இவ்வளவு நாள் துருவும் முலாமும் அடைத்து வைத்திருந்த ஊசி ஓட்டைகள் திறந்துகொள்ளும். அதை ஒட்டவைக்க ஆள் பார்த்துவிட்டு அப்புறம் டேங்கைக் கொடுங்கள்.

ரிம்முக்கு மறு குரோம் எனக்குச் சம்மதமில்லை. ஸ்போக் துளைகளைச் சுற்றிக் குழிவிழுந்த ரிம்மைத் தேய்த்துச் சமன் செய்வதற்குள் தகடு மெலிந்துவிடும். புது ரிம் வாங்குவது மேல். ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டால் முலாமே தேவையில்லையே என்பார்கள். துருப்பிடிக்காது என்பது உண்மை. ஆனால் அதன் பளபளப்பு இந்த வண்டிக்கு உரியதல்ல, அலுமினிய இன்ஜின் கவரில் மழைநீர் தேங்கும் இடத்தில் அலுமினியத்தை அரிக்கவும் செய்யும். மரைக்கு ஆன்டி சீஸ் (மரை இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் பசை) பூசித்தான் போட வேண்டும். பாதி முலாம் தேய்ந்து, ஆனால் துரு ஆழமாகப் போகாத பாகத்தைத் துடைத்து மெழுகு பூசி அப்படியே மாட்டுவதும் ஒரு வழிதான். ஐம்பது வருடம் ஓடிய வண்டியில் அது கண்ணை உறுத்தாது.

கடைசியாக, வாங்குவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது கழிவு. ஜிங்க் குளியல் வருடக்கணக்கில் உழைக்கும், மூடி வைத்து மறுபடி பயன்படுத்தலாம். கழுவிய தண்ணீரையும் செத்துப்போன குளியலையும் சாக்கடையில் ஊற்றாமல், சலவைச் சோடா போட்டு பிஹெச்சை 9 பக்கம் ஏற்றினால் ஜிங்க் வெள்ளைச் சேறாக அடியில் படியும். அதை வடித்துக் காயவைத்து மூடி வைத்திருந்து, கழிவு சுத்திகரிப்பு வசதி உள்ள பிளேட்டிங் பட்டறையிடம் கொடுக்கலாம். குரோம் வேலைக்கு எப்படியும் அங்கே போகத்தான் போகிறீர்கள், அப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நிக்கல் கழிவுக்கு இந்த ஏற்பாடு கட்டாயம். வாங்கிக்கொள்ளச் சம்மதிக்கும் பட்டறை ஒன்று கையில் இல்லையென்றால் நிக்கல் உப்பை வாங்கவே வேண்டாம், நிக்கல் வேலையையும் அவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.